கசற்றும் றீவைண்ட், மோட்டரும் றீவைண்ட்

யாழ்ப்பாணத்தில் 'ரீ' என்று எழுதினால் அது தேத்தண்ணி. ரீச்சர், ரீசேட், ரிவி எல்லாம் அந்த வழிதான். தமிழகத்தில் டயர், டிக்கெட், டார்ச் என்று எழுதுவதை நாங்கள் ரயர், ரிக்கற், ரோச் என்று எழுதிவிடுவோம். அப்போ உண்மையாகவே ரகர ஒலி வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் வல்லின றகரம் இருக்கிறதே: றோட்டு, றேடியோ, றப்பர். வெளியூர்க்காரர் இதைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. கடைப் பலகையில் ரீசேட் என்று கண்டால் அது உடுப்பு. றீலோட் என்று கண்டால் அது போன் காசு.

நான் எழுதப்போவது அந்த இரண்டாவது றீயைப் பற்றி. ஆங்கிலத்தில் ஆர், ஈ என்று இரண்டே எழுத்து. சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் ஓஎல் சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டுக்கு அலுவல் பார்க்கும் சில பெரியாட்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முன்னொட்டுப் பாடம் வரும்போது கைக்குறிப்புகளில் வழக்கமாக ஒரே வரிதான் இருக்கும்: றீ என்றால் மீண்டும். பிள்ளைகளும் அதைப் பாடமாக்கிவிடுவார்கள். றீறைற் என்றால் மீண்டும் எழுது, றீபில்ட் என்றால் மீண்டும் கட்டு. இதுவரை சரி. பிறகு றீபே என்று ஒன்று வரும். பே என்றால் காசு கொடு. அப்படியென்றால் றீபே மீண்டும் காசு கொடு என்றா? கடன் கொடுத்தவனுக்கு வேண்டுமானால் அந்தப் பொருள் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு பெடியன் கேட்டான்: "ரீச்சர், யூரியூப்பில பின்னுக்குப் போறதையும் றீவைண்ட் எண்டுறம். எங்கட ஒழுங்கேக்க ஒரு கடையில மோட்டர் றீவைண்டிங் எண்டு போட்டிருக்கு. அங்க மோட்டர பின்னுக்குச் சுத்துறவையோ?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் அப்பா அந்தத் தொழில்தான் செய்தவர். பதில் எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

கிணற்று மோட்டர் எரிந்து கடைக்கு வந்தால் முதலில் மணம் வரும். வாணிஷ் கருகிய மணம். ஒருமுறை மணந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னேரம் எல்லாரும் தோட்டத்துக்கு இறைக்கிற நேரம் வோல்ற்றேஜ் விழும், மோட்டர் முக்கும், கொயில் சூடேறி எரியும். அப்பா மூடியைக் கழற்றி, எரிந்த செப்புக் கம்பியை உளியால் வெட்டி இழுத்து எடுப்பார். ஆனால் அதைத் தூக்கி எறியமாட்டார். ஒரு கொயிலையாவது குலைக்காமல் வைத்துக்கொண்டு, சுற்று சுற்றாகப் பிரித்து எண்ணுவார். அந்த நேரம் யாரும் அவரோடு கதைக்கக்கூடாது. எண்ணி முடித்ததும் கம்பியின் தடிப்பைக் கேஜ் வைத்துப் பார்த்து, இரண்டையும் சுவரில் கரிக்கட்டியால் எழுதுவார். பிறகு தவாளிப்புகளைச் சுரண்டித் துடைத்து, காப்புத்தாளை மடித்துச் செருகி, அதே தடிப்புக் கம்பியால் அதே எண்ணிக்கையில் புதுக் கொயில் சுற்றி ஒவ்வொன்றாக இறக்குவார். நூலால் கட்டி, வாணிஷ் ஊற்றிக் காயவைத்தால் வேலை முடிந்தது. கம்பி முழுக்கப் புதிது. எண்ணிக்கை மட்டும் பழசு. எண்ணிக்கை பிழைத்தால் மோட்டர் ஓடாது, அல்லது ஓடித் திரும்ப எரியும்.

கசற் றீவைண்ட் வேறு கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றறி தடை செய்த பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் றேடியோவும் கசற்றும் கேட்டோம். அப்படிக் கை நோகச் சுற்றி எடுக்கிற கரண்டை, பாட்டைப் பின்னுக்கு ஓட்டுவதற்கு யார் செலவழிப்பார்கள்? கசற்றை வெளியில் எடுத்து, பற்களுக்குள் பேனையைச் செருகிக் கையாலேயே சுழற்றுவோம். அதே நாடாதான், புதிதாக எதுவும் வரவில்லை. முன்னுக்குப் போனது பின்னுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஒரே றீ, ஒரே வைண்ட். ஒன்றில் 'பின்னோக்கி', மற்றதில் 'புதிதாக இன்னொருமுறை'. ஆங்கில அகராதிகள் இந்த முன்னொட்டுக்குப் போடும் முக்கியமான பொருள்களும் இவை இரண்டுதான். லத்தீனில் முதலில் இருந்தது 'பின்னால், வந்த வழியே' என்ற பொருள். வந்த இடத்துக்குப் போவது என்றாலே இன்னொருமுறை போவதுதான் என்பதால் 'மறுபடியும்' என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இன்றைக்கு ஆங்கிலேயர் புதிதாக ஒரு றீச் சொல் கட்டினால் அது அநேகமாக இரண்டாவது பொருளில்தான் இருக்கும். பழைய பொருள் பழைய சொற்களுக்குள் குடியிருக்கிறது: றீபே, றிற்றேண், றிபிளை, றிஃப்ளெக்ற், றிஜெக்ற். கடைசிச் சொல்லின் லத்தீன் உள்ளடக்கம் 'பின்னுக்கு எறி'.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் கனகாலம் மினைக்கெட்டேன். கடைசியில் பார்த்தால் விடை எங்கள் வாயிலேயே இருக்கிறது. "காசைத் திருப்பித் தா" என்கிறோம். "சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்கிறோம். முதலாவதில் திருப்பி என்றால் வந்த இடத்துக்கே. இரண்டாவதில் திருப்பி என்றால் இன்னொருமுறை. யாராவது இந்த இரண்டையும் குழப்பி நான் கண்டதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியும். றீயும் அப்படித்தான். 'மீண்டும்' என்ற எழுத்துத் தமிழை விட்டுவிட்டு 'திருப்பி' என்று சொல்லிக்கொடுத்தால் றீபேயும் விளங்கும், றீறைற்றும் விளங்கும். கைக்குறிப்பு எழுதுபவர்கள் ஏன் இந்தச் சொல்லை எடுப்பதில்லை? பேச்சுச் சொல் என்ற இளக்காரம்தான் என்று நினைக்கிறேன்.

எழுத்துத் தமிழ் இந்த ஒன்றை மூன்றாக வெட்டி வைத்திருக்கிறது: மீள், மறு, புனர். மீள் என்றால் போன இடத்திலிருந்து வருவது. மறு என்றால் இன்னொன்று. மறுநாள், மறுகரை, மறுபிறப்பு. புனர் வடமொழியிலிருந்து வந்து புனரமைப்பு, புனர்வாழ்வு என்று அரசாங்கக் காகிதங்களில் குந்திவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழகத்தில் மறுசுழற்சி என்பதை நாங்கள் மீள்சுழற்சி என்கிறோம். அங்கே சோதனைத் தாளுக்கு மறுமதிப்பீடு, மறுகூட்டல், இங்கே மீள்பரிசீலனை. மீள்குடியேற்றம், மீள்நிர்மாணம், மீளாய்வு, மீளளிப்பு என்று இலங்கைத் தமிழ் மீள் மேல் ஒரு தனிப் பாசத்தோடு இருக்கிறது. திட்டமிட்டு நடந்ததா என்று தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பிவர ஆசைப்பட்ட சனத்தின் நாக்கில் மீள் கூடுதலாக ஏறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மீள்பரிசீலனை என்று பலகையில் இருக்கும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. றிசல்ற் வந்து ஒரு கிழமைக்குள் கேட்கும் சொல் 'றீகறெக்சன்'. "கெமிஸ்ற்றிக்கு றீகறெக்சன் போட்டாச்சு." இங்கே பேப்பர் திருத்துவதற்குக் கறெக்சன் என்று பெயர், ஆகவே திருப்பித் திருத்தினால் றீகறெக்சன். இலண்டனில் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் பிழையைத் திருத்தியதில் இன்னொரு பிழை இருந்ததாக்கும் என்று நினைப்பார்கள். சொல் பிழையா? நான் பிழை என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊர் ஆங்கிலம் தன் தேவைக்குக் கட்டிய சொல். கட்டிய முறை இலக்கணப்படி சரியானது. சோதனையில் எழுதாதே, விண்ணப்பப் படிவத்தில் படிவத்தின் சொல்லைப் பாவி என்று மட்டும் சொல்லிவிடுவேன்.

றீலோட்டும் அப்படியொரு சொல். இந்தியாவில் ரீசார்ஜ், இங்கிலாந்தில் ரொப்-அப், எங்களுக்கு றீலோட். லோட் என்றால் ஏற்றுவது. றீலோட் துவக்கோடு நெடுங்காலம் புழங்கிய சொல். சுட்டு முடித்தபின் குண்டை ஏற்றுவது. துவக்குச் சத்தத்தில் வளர்ந்த ஊர், 'நூறு ரூபாய்க்கு றீலோட் போடு தம்பி' என்று ஒரு யோசனையும் இல்லாமல் சொல்கிறது. நல்லதுதான்.

வாகனக்காரரின் றீகொண்டிசன் பற்றி எனக்குக் கொஞ்சம் முறைப்பாடு உண்டு. யப்பானில் ஓடிய வாகனம் கப்பலில் வந்து இறங்கினால் அது றீகொண்டிசன். சொல்லின்படி பார்த்தால் யாரோ அதைப் பழைய நல்ல நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடந்தது கழுவித் துடைத்ததுதான். ரயர்க் கடைக்காரர் இதில் நேர்மையானவர்: றீபில்ட் ரயர் என்றால் பழைய உடம்பில் புது றப்பர்ப் பட்டை உண்மையாகவே ஒட்டித்தான் தருகிறார்.

அடுத்தது உச்சரிப்பு. இதை நிறையப் பேர் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் இதில்தான் பாதி விசயம் இருக்கிறது. பிரித்தெடுக்கக்கூடிய, புதிதாக ஒட்டிய றீ நீண்டு ஒலிக்கும்: றீ-பில்ட், றீ-லோட், றீ-ஓப்பின். சொல்லோடு சொல்லாகக் கரைந்துபோனது குறுகிவிடும்: றிப்பீற், றிசல்ற், றிசீற், றிமாண்ட். றெஸ்ற் (மிச்சம் என்ற பொருளில் வருவது), றெக்கோட் என்று றெகரம் ஆவதும் உண்டு. நெடிலாக வந்தால் முன்னொட்டைக் கழற்றிவிட்டுப் பார், மிச்சம் ஒரு முழுச் சொல்லாக நிற்கும். குறிலாக வந்தால் கழற்றப் பார்க்காதே. பீற், சல்ற் என்று ஒன்றும் மிஞ்சாது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை, ஆனாலும் அநேக இடங்களில் கைகொடுக்கும்.

இதனால்தான் சில சொற்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு தேவைப்படுகிறது. றிக்கவர் என்றால் வருத்தம் மாறித் தேறுவது. கோடு போட்டு றீ-கவர் என்று எழுதினால் செற்றியின் பழைய துணியைக் கழற்றிவிட்டுப் புதுத் துணி போடுவது. எழுத்துக்கள் ஒன்றே, கோடுதான் வேறு. இதைவிட ஆபத்தானது றிசைன். றிசைன் என்றால் வேலையை விடுவது. றீ-சைன் என்றால் ஒப்பந்தத்தில் திருப்பிக் கையெழுத்து வைப்பது, அதாவது வேலையில் தொடர்வது. ஒரு கோடு விடுபட்டால் ஆள் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதே மாறிவிடும். ஈ என்ற எழுத்தில் தொடங்கும் சொல் வந்தாலும் பிரித்தானிய முறையில் கோடு போடுவது வழக்கம்: றீ-என்ரர், றீ-எலெக்ற். அமெரிக்கர் பலர் போடுவதில்லை. எங்கள் பாடத்திட்டம் பிரித்தானியப் பக்கம், ஆகவே போடுங்கள்.

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக ஆங்கிலத்துக்குள் வந்தன. றீயும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கனகாலம் லத்தீன், பிரெஞ்சுச் சொற்களோடு மட்டும் புழங்கிவிட்டு, பிறகு பில்ட், ரெல் போன்ற சொந்த ஆங்கிலச் சொற்களிலும் ஏறிவிட்டது. லத்தீனில் உயிரெழுத்துக்கு முன்னால் இது 'றெட்' என்று ஒரு டகரத்தோடு வரும். அதனால்தான் அடகுக் கடையில் நகையை மீட்பதற்கு றிடீம் என்கிறார்கள். அதன் அடி லத்தீனில் 'வாங்கு' என்ற பொருள் கொண்ட எமெரெ. திருப்பி வாங்குவது. எங்கள் ஊரில் அடகு வைக்காத வீடு குறைவு, ஆகவே இந்தச் சொல்லுக்கு நான் உதாரணம் தேடவேண்டியதில்லை.

சில சொற்களின் பூர்வீகம் நம்பமுடியாதது. றிகேர்ஸ், அதாவது கூத்துக்கோ நாடகத்துக்கோ ஒத்திகை பார்ப்பது. பிரெஞ்சில் ஏர்ஸ் என்றால் பலுகு. உழுத நிலத்தில் கட்டி உடைக்க மாடு கட்டி இழுக்கும் கருவி. ஒருமுறை பலுகடித்த நிலத்தில் திருப்பிப் பலுகடிப்பதுதான் ஒத்திகை. அதே பலுகிலிருந்துதான் பிரேத வண்டிக்குரிய ஆங்கிலச் சொல்லும் வந்தது என்று சொன்னதும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பாடம் படிக்கவில்லை. றிப்பேர் இன்னொரு விசித்திரம். சைக்கிள் றிப்பேர் லத்தீன் றெபராரெயிலிருந்து, 'திருப்பி ஆயத்தமாக்கு'. ஆனால் பழைய ஆங்கில நூல்களில் 'ஓரிடத்துக்குப் போவது' என்ற பொருளிலும் ஒரு றிப்பேர் வரும். எழுத்து ஒன்றுதான், ஆனால் அது வேறு சொல். அதன் மூலம் றெபற்றியாரெ: தன் தாய்நாட்டுக்குத் திரும்புவது.

அகதி என்பதற்கான றெஃபியூஜி என்ற சொல்லிலும் றீ இருக்கிறது. உள்ளே இருப்பது ஃபுகெரெ, தப்பி ஓடுவது. 1685இல் பிரெஞ்சு மன்னன் பதினாலாம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நாந்த் ஆணையை இரத்துச் செய்தான். ஹியூகனொற்றுகள் என்று பெயர்கொண்ட அந்தச் சனம் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கு ஓடியது. அவர்களைக் குறிக்கத்தான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. ஆணையை இரத்துச் செய்வதற்கும் ஆங்கிலத்தில் றிவோக், 'திருப்பிக் கூப்பிடு'. சட்டத்தைக் கூப்பிட்டு எடுத்தார்கள், சனம் ஓடியது. இந்த ஒழுங்கு எங்களுக்கும் பழக்கமானதுதான்.

சரி, எந்த வினையோடும் றீயை ஒட்டலாமா? முடியாது. ஒருத்தி 'ஐ றீ-ஸ்லெப்ற்' என்று எழுதினாள். றீ-ஸ்லீப் இல்லை, றீ-லாஃப் இல்லை, றீ-நோ இல்லை. ஒரு வேலை செய்து அதன் பயனாக ஒரு பொருளின் நிலை மாறவேண்டும். அந்த வகை வினையைத்தான் இந்த முன்னொட்டு விரும்பும். கட்டினால் வீடு வரும், பூசினால் நிறம் மாறும், சூடாக்கினால் கறி சூடாகும். நித்திரை கொண்டால் எதுவும் செய்துமுடிந்து நிற்பதில்லை. ஆகவே றீ-ஹீற் உண்டு, றீ-ஸ்லீப் கிடையாது. (றீ-ஹீற் என்று சொல்லிவிட்டு எனக்கே மனம் கேட்கவில்லை. மத்தியானக் கறிகள் மிஞ்சியதை ஒரே சட்டியில் போட்டு வற்றவைத்த சுண்டக்கறிக்கு இந்தச் சொல் எந்த வகையிலும் காணாது. திருப்பிச் சூடாக்கிய கறி பழசு. சுண்டக்கறி புதுக் கறி.)

அடுத்த விசயம் நுணுக்கமானது. பெரியாட்கள் வகுப்பில் மட்டும்தான் எடுப்பேன். பூட்டிக் கிடந்த ஒரு கடையைப் புது ஆள் வாங்கித் திறக்கிறார். அவர் அந்தக் கடையை முன்பு ஒருநாளும் திறந்ததில்லை. ஆனாலும் கடை 'றீஓப்பின்'. ஏன்? றீ இங்கே ஆளை எண்ணவில்லை, கடையின் நிலையைப் பார்க்கிறது. முன்பு திறந்திருந்தது, பிறகு பூட்டியிருந்தது, இப்போது திறந்த நிலைக்கு வந்திருக்கிறது. செய்தவர் முதல்தரம் செய்தாலும், பொருள் பழைய நிலைக்குத் திரும்பினால் போதும்.

இதைச் சொன்னதும் பின் வாங்கிலில் இருந்த ஒருவர், வலிகாமம் வடக்கு ஆள், மெல்லக் கேட்டார்: "அப்ப எங்கட மகளும் றீசெற்றில்தானோ ரீச்சர்?"

1990இல் வலிகாமம் வடக்கிலுள்ள மயிலிட்டிச் சனம் போரால் எழும்பி ஓடியது. உயர்பாதுகாப்பு வலயம் என்று நிலம் மூடப்பட்டது. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டபோது திரும்பியவர்களில் எத்தனையோ பேர், முகாமிலும் வாடகை வீட்டிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகள் அந்த மண்ணை முதல்தரம் மிதிக்கிறார்கள். படிவத்தில் அவர்களுக்கும் மீள்குடியேற்றம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே கதை. புத்தளத்தில் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்கு வந்தால் அது போவதா, திரும்புவதா? இலக்கணம் 'ஓம், றீதான்' என்கிறது. நிலத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது ஒரு புது ஊர், கிணறும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரரும் தெரியாது. நான் அவருக்கு இலக்கணத்தைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

றீசெற்றில்மன்ற் என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டு அலுவல் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். இலங்கையில் அந்தச் சொல்லுக்குப் பொருள், இடம்பெயர்ந்தவர் சொந்த இடத்தில் திரும்பக் குடியேறுவது. ஐநாவின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகத்தின் ஆவணங்களில் அதே சொல் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் பார்க்கிறது. ஒரு நாட்டில் தஞ்சம் புகுந்த அகதியை, நிரந்தரமாக இருக்கவிடச் சம்மதித்த மூன்றாவது நாடொன்றுக்கு அனுப்புவதுதான் அங்கே றீசெற்றில்மன்ற். ஊர் திரும்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் வேறு: றீபற்றியேசன், அந்தப் பழைய றிப்பேரின் உறவு. ஆகவே, தாய்லாந்தில் அகதியாகப் பதிந்து அங்கிருந்து கனடாவுக்கு எடுக்கப்பட்ட தம்பியும் றீசெற்றில்ட். வலி வடக்கில் பற்றை வெட்டி, இருந்த அத்திவாரத்தில் தகரம் போட்டுக் குந்திய அண்ணனும் றீசெற்றில்ட். தம்பிக்கு றீ என்றால் புதிதாக இன்னொருமுறை. அண்ணனுக்கு வந்த வழியே பின்னோக்கி. ஒருவர் மோட்டர், ஒருவர் கசற். நேர்காணலில் அதிகாரி இந்தச் சொல்லைப் பாவித்தால் எந்தப் பொருளில் கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

றீபிளேஸும் இப்படி இரண்டு பக்கம் இழுக்கும். வாசிகசாலை மேசையில் 'புத்தகத்தை றீபிளேஸ் பண்ணவும்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் எடுத்த தட்டிலேயே வை என்று பொருள். தொலைத்துவிட்டால் றீபிளேஸ் பண்ணு என்றால் வேறு பிரதி வாங்கித் தா என்று பொருள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. கட்டடத்தைத் திருப்பிக் கட்டினார்கள். றீபில்ட் சரியான சொல். அச்சான நூல்களில் பலவற்றுக்கு இரண்டாவது பொருளில் றீபிளேஸ் நடந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகளுக்கு முதலாவது பொருளும் இல்லை, இரண்டாவது பொருளும் இல்லை. றீ ஒட்டக்கூடிய வினை எதையும் அவற்றுக்கு முன்னால் வைக்க முடியாது.

இன்னொன்று: றீ எத்தனை தரம் என்று எண்ணாது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போர்நிறுத்தத்தோடு 2002இல் திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மூடியது. போர் முடிந்தபின் 2009இல் திறந்தது. ஒவ்வொருமுறையும் பத்திரிகை 'றீஓப்பின்' என்றுதான் போடும். ஒரு மாணவன் கவனமான ஆள். இரண்டாவது தடவைக்கு 'றீ-றீஓப்பின்' என்று எழுதிக்கொண்டு வந்தான். பகிடிக்கு அப்படி எழுதுவார்கள், கட்டுரையில் வேண்டாம் என்றேன். யாழ்தேவிப் புகையிரதத்துக்கு மட்டும் 'றிசியூம்' என்று போடுவார்கள். 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை திருப்பித் தொடங்கியது. விட்ட இடத்தில் எடுப்பது றிசியூம். புதுத் தண்டவாளம், புதுப் பெட்டி, ஆனால் பழைய பெயர். எனக்கு அது அப்பாவின் றீவைண்டிங் கணக்கில்தான் சேரும்.

'றிற்றேண் பாக்', 'றிப்பீற் அகெயின்', 'றிபிளை பாக்' என்று எழுதாதீர்கள். பாக், அகெயின் இரண்டும் றீக்குள்ளேயே இருக்கின்றன. இதை எத்தனை தரம் சொன்னாலும் எழுதுகிறார்கள். நேற்றுக்கூட ஒரு தாளில் சிவப்பு மை போட்டேன்.

றீ மாதிரித் தோன்றி றீ இல்லாதவையும் உண்டு. றெடி, றீச், றியல், றீட் எதிலும் முன்னொட்டு இல்லை. றிப்பப்ளிக் பெரிய ஏமாற்றுக்காரன்: அது றெஸ் பப்ளிக்கா, பொதுமக்களின் விடயம். 1972இல் நாடு குடியரசானபோது எதுவும் திரும்பி வரவில்லை. கந்தோர்க் கடிதத்தின் தலைப்பில் 'றீ' என்று போட்டு முக்காற்புள்ளி வைப்பதும் அந்த றெஸ் குடும்பம்தான். 'இவ்விடயமாக' என்று பொருள். மின்னஞ்சல் வந்த பிறகு அதை எல்லோரும் றிபிளையின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் முடியும்போது வழக்கமாக ஒரு வீட்டுவேலை கொடுப்பேன். அடுத்த வகுப்புக்கு வரும் வழியில் பலகைகளைப் பார்த்து றீச் சொற்கள் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும், உண்மையான றீயா போலியா என்றும் சொல்லவேண்டும். இந்தமுறை ஆஸ்பத்திரி வீதிப் பக்கமிருந்து ஒருத்தி றெஜிஸ்ற்றேசன் கொண்டுவந்தாள். சரி, உண்மையான றீ. றீகல் தியேட்டர் பெயரை ஒருவன் சொன்னான். இல்லை, அது றெக்ஸ், அரசன். றெஸ்ற்றோரன்ற் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சரியான விடை. பிரெஞ்சில் றெஸ்ரோரே என்றால் உடம்பைத் திருப்பித் தேற்றுவது. களைத்தவனைத் தேற்றும் சூப்புக்குத்தான் முதலில் அந்தப் பெயர், பிறகு சூப்பு விற்ற கடைக்குப் போனது.

கடைசியாக அந்தப் பெடியன், மோட்டர் கேள்வி கேட்டவன், நல்லூரிலிருந்து றியோவைக் கொண்டுவந்தான். "ஐஸ்கிறீம் கடை றியோ, ரீச்சர். ஒருக்காப் போனா திருப்பித் திருப்பிப் போறம். உண்மையான றீ."

ஸ்பானிய மொழியில் ஆறு என்று பொருள், முன்னொட்டு இல்லை என்று சொல்லி அடித்துவிட்டேன். அவன் விடவில்லை. வகுப்பும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு, நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும் என்று நின்றது. காசு ரீச்சர்தான் கட்டவேண்டுமாம்.